சட்டையில் புது கிரீஸ்

அன்புள்ளவளுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், என் பொறுமைதான் நலமாக இல்லை.

தொழிற்சங்க வரலாறு எழுதத்தானே என்னை வேலைக்கு வைத்தார்கள்? பழைய வேலைநிறுத்தத்தில் மகளிர் குழு செய்ததைப் பதினெட்டுப் பக்கம் எழுதினேன். செயலாளர் அதை, 'பெண்கள் தேநீர் வழங்கினர்' என்று ஒரே வரியாக்கிவிட்டார். கல்லூரியில் எனக்குக் குழி பறித்த துறைத்தலைவரே தேவலை.

யார் திருட்டுத்தனமாக வேலைக்குப் போனார்கள் என்பதை அந்தப் பெண்கள்தான் கண்டுபிடித்தார்கள். துவைக்கிற சட்டையில் புது கிரீஸ் இருந்தால் போதும். அகப்பட்டவர்களில் இந்தச் செயலாளரும் ஒருவராம்.

நேற்று அவர் மனைவியே அலுவலகத்துக்கு வந்தார்.

"அப்படியே போடுங்க சார். கூட்டத்துல இவர் சட்டையைத் தூக்கிக் காட்டினதே நான்தான். டீ குடுத்தோமாம், டீ."

"வீட்டு விஷயத்தை எதுக்கு இங்க பேசுற?" என்று முனகினார் செயலாளர்.

"நானூறு குடும்பம் பட்டினி கிடந்துச்சு. அது வீட்டு விஷயமா?"

பதினெட்டுப் பக்கத்தையும் அச்சுக்கு அனுப்பிவிட்டேன். வேலை போகலாம்; கவலைப்படாதே, எனக்கு இதென்ன புதிதா?

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. அந்தப் பக்கங்களின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். என் எழுத்தில் உருப்படியாகக் குறை சொல்ல இங்கே ஒருவரும் இல்லை. படித்துவிட்டு, நன்றாகத் திட்டி நாலு பக்கம் எழுது.

அச்சகத்துக்காரர் கூப்பிடுகிறார்.

உன் கணவன்