மே இலை, செப்டம்பர் இலை

12 டிசம்பர் 2023
ஹேசல் கொட்டை மரத்தின் இலையைக் கடைசிப் பிடிவரை அரைத்தாயிற்று. என் ஆய்வு வழிகாட்டி டாக்டர் வீரசிங்கத்தின் நண்பர் துருக்கியிலிருந்து அனுப்பியது. மே மாதம் பறித்தது ஒரு பை, செப்டம்பரில் பறித்தது ஒரு பை, கூடவே மரப்பட்டை. எல்லாம் இப்போது மெத்தனாலில் இறங்கிய சாறாகக் குப்பிகளில். பட்டையில் என்னென்ன ஃபீனால் சேர்மங்கள், எந்த மாதத்து இலையில் அவை அதிகம் என்பதே என் ஆராய்ச்சி. மே மாதத்து இளம் இலையில்தான் அதிகம் என்பது டாக்டரின் கருத்து. ஆகவே என் கருத்தும்.

அம்மா கேட்டார்: "கொட்டைய விட்டுட்டு எலைய எதுக்குமா அரைக்கிற?" நாலு வருஷமாகக் கேட்கிறார்.

15 டிசம்பர்
லேப்புக்கு விருந்தினர் வருகிறார்கள் என்று டெக்னீஷியன் லோகன் அண்ணன் எல்லாவற்றையும் துடைத்திருக்கிறார். என் குப்பிகளையும். மெத்தனால் நனைத்த துணியால். "பாரு சுரேகா, புதுசு மாதிரி இருக்குலா."

இருந்தது. ஒன்றிலும் பெயர் இல்லை.

மார்க்கரில் எழுதியவள் நான். மெத்தனால் பட்டால் மார்க்கர் அழியும் என்று முதல் வருஷ மாணவர்களுக்குச் சொல்லித் தருபவளும் நானே.

16 டிசம்பர்
பட்டைச் சாறு பழுப்பு, அது தெரிகிறது. இலைச் சாறு எல்லாம் ஒரே பச்சை. எது மே, எது செப்டம்பர்? ஐயோ, அரைக்காத இலை ஒரு துணுக்குகூட மிச்சம் இல்லையே. என்ன பண்ணப் போறேன்?

18 டிசம்பர்
டாக்டரிடம் சொன்னேன். அவர் பதறவில்லை. "மெஷின்ல ஓட்டு. எதுல ஃபீனால் அதிகமா வருதோ அதுதான் மே. செட்டல்."

ஓட்டினேன். இரண்டு கூட்டமாக அழகாகப் பிரிந்தது. அதிகமானதற்கு மே என்று பெயர் வைத்துவிட்டு, மே இலையில் அதிகம் என்று கண்டுபிடிக்கலாம். இதற்குத் துருக்கி இலை எதற்கு? இங்கே பிரிக்ஃபீல்ட்ஸ் பாசாரில் முருங்கைக்கீரை கிடைக்கிறது.

20 டிசம்பர்
உதவித்தொகை மார்ச்சில் முடிகிறது. பிப்ரவரியில் தீசிஸ் கொடுத்தால் பட்டம், பிறகு விரிவுரையாளர் வேலை. இல்லையென்றால் அடுத்த செப்டம்பர் இலைவரை காத்திருக்க வேண்டும், அதுவும் சம்பாதிக்காமல். எழுதிவிட்டால் யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும். தொல்லை.

3 ஜனவரி 2024
முடியாது என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

"முப்பது வருஷமா எலையோடதான் இருக்கேன். மே எலையிலதான் அதிகம்."

"அப்ப புது எலையிலயும் அப்படித்தானே வரும், டாக்டர்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே வந்துவிட்டேன். பயமா இருக்கு. ரொம்ப.

22 ஏப்ரல்
கிள்ளானில் டியூஷன் எடுக்கிறேன். ஐந்தாம் படிவத்துப் பிள்ளைகளுக்கு வேதியியல். "டீச்சர், நீங்க ஏன் இன்னும் டாக்டர் ஆகல?" என்றாள் ஒருத்தி. இலை வரவில்லை என்றேன். ஜோக் என்று சிரித்தார்கள்.

19 ஜூன்
துருக்கியிலிருந்து இந்த வருஷத்து மே இலை வந்தது. குப்பிகளில் டேப் ஒட்டி, பென்சிலால் எழுதினேன். லோகன் அண்ணன் அந்த மேசைப் பக்கமே வருவதில்லை. பாவமாக இருந்தது. துணியைக் கொடுத்து நானே துடைக்கச் சொன்னேன்.

14 அக்டோபர்
செப்டம்பர் இலையும் வந்தது.

5 நவம்பர்
மூன்று முறை ஓட்டினேன். செப்டம்பர் இலையில்தான் அதிகம். மூன்று முறையும்.

சந்தோஷப்பட வேண்டும். கழிப்பறைக்குப் போய் அழுதேன். டாக்டர் சொன்னபடியே வந்திருந்தால், இந்த வருஷத்தை வீணாக்கியவள் என்றுதானே என்னைச் சொல்லியிருப்பார்கள்? நானே சொல்லியிருப்பேன்.

டாக்டர் வந்து திரையைப் பார்த்தார். "இன்னொரு தடவை ஓட்டு." ஓட்டினேன். அதேதான்.

"நான் அன்னைக்குச் சொன்னத நீ எழுதியிருந்தா?"

"எழுதலயே, டாக்டர்."

நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முதல் தடவை குப்பிப் பேரெல்லாம் அழிஞ்சுபோச்சுன்னு தீசிஸ்ல எழுது. அதுக்குக் கீழ என் யோசனையையும் எழுது."

"எதுக்கு டாக்டர்?"

"எழுதும்மா. என் பேரோட."

எழுதினேன். அந்த வரியில் இருந்த ஒரு எழுத்துப்பிழையை அவரே திருத்திக் கொடுத்தார்.