இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது, மாமா

ஓரிக்கை,
25-1-1968.

மரியாதைக்குரிய மாமாவுக்குச் செல்லியம்மாள் எழுதுவது. இங்கே நானும் அத்தையும் நம் பிள்ளை குமாரவேலும் சுகம். அங்கே உங்களுக்கு இருமல் தணிந்து, வேளைக்குச் சோறு இறங்க வேண்டும் என்று தினமும் வரதராஜப் பெருமாளைக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. கிணற்று இன்ஜினை உங்களைத் தவிர யாராலும் ஸ்டார்ட் செய்ய முடியாது, நவரைப் பட்டத்து நடவு காய்ந்துவிடும், அதனால் ஊசி பாதியில் இருந்தாலும், சொந்தப் பொறுப்பில் போவதாக ஆஸ்பத்திரித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாதக் கடைசியில் வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். பாதியில் விட்டால் காசத்துக்கு மருந்து அப்புறம் கேட்காது என்று பெரிய டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். கடிதம் வந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீங்கள் எழுதியதும் பொய்யில்லை. பனி ஆரம்பித்ததிலிருந்து காலையில் இன்ஜின் பிடிக்கவே இல்லை. பக்கத்துக் கழனி முருகேசனும் அவர் தம்பியும் மாற்றி மாற்றி ஹேண்டில் சுற்றிக் கை கொப்பளித்ததுதான் மிச்சம். வெந்நீர் காய்ச்சி ஊற்றினேன். இரண்டு நாள் கேட்டது, மூன்றாம் நாள் அதுவும் இல்லை. டவுனிலிருந்து வந்த மெக்கானிக் டீசல் பீய்ச்சுகிற நாசிலை மாற்றிப் பார்த்துவிட்டு, இதைப் பழைய இரும்புக்குப் போடுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். பள்ளத்துக் கழனியில் சேறு வெடிக்க ஆரம்பித்தது.

நம் கழனியில் நடவு நட்ட மேரியிடம் உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தன் வீட்டுக்காரர் வீரபத்திரனை அழைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஐயம்பேட்டை ரைஸ் மில்லில் இன்ஜின் ஓட்டுகிறவர் அவர். அவருடைய அப்பா நம் களத்தில் பண்ணையாளாக இருந்து, நம் வீட்டு வாசலோடு நிறுத்தப்பட்டவர். அதை மகன் நினைத்துப் பார்த்திருந்தால் வந்திருக்க வேண்டியதில்லை.

அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினார், புகையைப் பார்த்தார். வெள்ளையாக வந்தது. பிறகு சொன்னார்: “டீசல் வந்துக்கினுதான் இருக்குதுமா. உள்ள காத்துதான் நிக்கலை. காத்த இறுக்கினாத்தான் சூடு வரும், சூடு இருந்தாத்தான் டீசல் பத்தும். சாயங்காலம் இரும்பு சூடா கீறதால பிடிச்சிக்குது, பனியில பிடிக்கலை.”

காற்று இழுக்கிற வழியில் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டுச் சுற்றினார். அதுவரை சும்மா சுற்றிய ஹேண்டில் கையை எதிர்த்து இறுகியது. வால்வு கசிந்தால் ஆயில் விட்டாலும் இறுகாதாம், பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் தேய்ந்திருந்தால்தான் இப்படி இறுகுமாம். பிஸ்டனை வெளியே எடுத்தார். ஒரு ரிங் உடைந்திருந்தது, மற்றவை கரியில் ஒட்டிக்கொண்டிருந்தன. மறுநாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, டவுனில் புது ரிங் வாங்கி வந்து, கரியைச் சுரண்டி எடுத்து மாட்டினார்.

கையைத் துடைத்துக்கொண்டே ஒன்று கேட்டார்: “இந்த நெலமையில அண்ணன் இத்த எப்பிடிமா தெனம் சுத்தினாரு? நெஞ்சு நல்லா இருக்கிறவனுக்கே மூச்சு வாங்குமே.”

போன வருஷம் நீங்கள் கிணற்றடியிலிருந்து வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். பசி மயக்கம் என்று நினைத்துக் கூழ் கரைத்துக் கொடுத்தேன். என்னை மன்னிக்க வேண்டும்.

கூலி என்று எதையும் அவர் தொடவில்லை. இருவரையும் உள்ளே உட்கார வைத்து இலை போட்டேன். அத்தை என்ன சொல்வார்களோ என்று பயந்தேன். அத்தையே எழுந்து வந்து மேரிக்குக் குழம்பு ஊற்றினார்கள்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை நான் தனியாகப் போனேன். வீரபத்திரன் சொல்லிக் கொடுத்தபடி, காற்றுப் பிடிப்பைத் தளர்த்துகிற லீவரைத் தூக்கி வைத்து, ஹேண்டிலை வேகமாகச் சுற்றி, லீவரை விட்டேன். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. நானா ஸ்டார்ட் செய்தேன் என்று எனக்கே நம்ப முடியவில்லை. நேற்றும் இன்றும் கூட நான்தான் ஸ்டார்ட் செய்தேன். பள்ளத்துக் கழனி முழுக்கத் தண்ணீர் பாய்ந்து, பயிர் பச்சை பிடித்துவிட்டது.

அந்த இருவருக்கும் நீங்கள் உங்கள் கையால் இரண்டு வரி எழுதுங்கள். நான் சொன்னது போதாது.

மாமா, இந்தக் கடிதம் மாதக் கடைசிக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும் என்றுதான் இன்றே தபாலில் சேர்க்கிறேன். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஊசி எல்லாம் முடியட்டும், டாக்டரே போகச் சொல்லட்டும். பங்குனியானாலும் சரி, சித்திரையானாலும் சரி, நான் வந்து உங்களை அழைத்து வருகிறேன். அங்கே வாரத்துக்கு ஒருமுறை எடை பார்க்கிறார்களாமே, அதை மட்டும் தவறாமல் எழுதுங்கள். ஒரு பவுண்டு ஏறியிருந்தாலும் எழுதுங்கள். இறங்கியிருந்தாலும் மறைக்க வேண்டாம்.

உங்கள்,
செல்லியம்மாள்