என் ஆதார் படத்தில் உன் விரல்

நேற்று தபால்காரர் என் புது ஆதார் அட்டையைத் தந்துவிட்டுப் போனார். உறையைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாடை. முகத்தைப் பார்க்கும் முன்னே தோளைத்தான் பார்த்தேன். உன் விரல்கள் இல்லை.

பழைய அட்டையில் இருந்தன. மாஞ்சோலையில் நம் பள்ளிக்கூடத்துக்கே வந்து ஆதார் எடுத்தார்களே, நாம் இரண்டாம் வகுப்பு படித்தபோது. நான் தலையைத் தூக்கவே இல்லை. "ஏ பிள்ள, தரையில என்னத்தத் தேடுத?" என்று படம் எடுப்பவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நீ வரிசையை விட்டு ஓடிவந்து, பின்னால் நின்று என் நாடியைப் பிடித்துத் தூக்கினாய். "இப்ப எடுங்க சார். விட்டா குனிஞ்சிருவா." அவர் அதட்டியதும் கையைத் தோளுக்கு இறக்கினாய். அப்படியே எடுத்துவிட்டார்.

அதன்பிறகு என் அட்டையை வாங்கிப் பார்த்தவர்கள் எல்லாரும், "இது யாரு கை?" என்றுதான் கேட்டார்கள். என் முகத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் அட்டையிலும் உன் பேச்சுதான். கோயிலில் நீதான் பாடுவாய். எஸ்டேட் பஸ்ஸில் ஜன்னலோரம் உனக்குத்தான். "அவளப் பாத்தாவது நாலு வார்த்தை பேசேன்" என்று என் அம்மாவே என்னைத் திட்டுவாள். எனக்கு எரியும். உன்னிடம் சொன்னதில்லை.

மஞ்சள் காமாலையில் நீ போன மறுவருஷம் தேயிலை எஸ்டேட்டை மூடிவிட, நாங்கள் எல்லாரும் மலையை விட்டு இறங்கினோம். கீழே வந்ததும் என் படிப்பு நின்றது. அம்மாவோடு பீடி சுற்றுகிறேன். விசிறியைப் போட்டாலும் வீட்டுக்குள் வேர்க்கிறது. நீ மட்டும் கோயிலுக்குப் பின்னால் கல்லறையில், அந்தக் குளிரில், பனியில்.

போன மாதம் முகவரி மாற்ற ஆதார் மையத்துக்குப் போனோம். உன் அம்மாவும் வந்திருந்தாள். தன் அட்டையைக் கொடுத்து முடித்ததும், அத்தை பைக்குள்ளிருந்து உன் அட்டையை எடுத்தாள்.

"இவளுக்கும் கீழ் அட்ரஸ் போட்டுருங்க தாயி."

"ஆள் எங்கம்மா?" என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்.

"மேல இருக்கா."

"ஆள் வந்தாத்தான் மாத்த முடியும்."

என் அம்மா அத்தையின் கையைத் தொட்டாள். அத்தை உன் அட்டையை முந்தானையால் துடைத்துவிட்டு, "அப்ப அவ அங்கனயே இருக்கட்டும்" என்றாள்.

பாவம் என்றுதானே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்? பொறாமைதான் வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் என் அட்டையிலிருந்து மாஞ்சோலை போய்விடும். உன் அட்டையிலிருந்து அதை யாராலும் எடுக்க முடியாது. பஸ் ஜன்னலைப் போல மலையையும் நீயே வைத்துக்கொண்டாய்.

என்னுடையது சின்ன வயசுப் படம் என்பதால், புதிதாக எடுக்க உட்கார வைத்தார்கள். "நிமிந்து பாரும்மா" என்றாள் அந்தப் பெண். முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது. அப்போது என் நாடியில் ஒரு கை பட்டது. கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்த்துப்போன கை.

"நிமிருட்டி. அவ இல்லன்னா ஒனக்குத் தலையே நிக்காதோ?"

"கையை எடுங்கம்மா, படத்துல விழுது" என்றாள் அந்தப் பெண். அத்தை கையை எடுத்தாள். தலை நின்றது.

புதுப் படத்தில் யார் கையும் இல்லை. இனி யாரும் கேட்க மாட்டார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. பழைய அட்டையை என் போன் உறைக்குள் வைத்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் அத்தை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். என்னை முன்னால் உட்காரவைத்து, உனக்குப் பின்னிவிட்ட மாதிரியே இறுக்கி இரட்டைச் சடை பின்னுகிறாள். குனிந்தால் நாடியில் ஒரு தட்டு.

மலையை நீயே வைத்துக்கொள். இதைப் பார்த்து நீயும் கொஞ்சம் எரிந்துகொண்டிரு.