கதவுக்கு வெளியே நின்றவளுக்கு

இன்று மதியம் மெஸ்ஸிலிருந்து மரச்சீனிக் கிழங்கு வேகும் மணம் வார்டன் அறைவரை வந்தது. "வாறியா?" என்று உன் மேசைப் பக்கம் திரும்பிக் கேட்டுவிட்டேன். உன் இடத்துக்குப் புதிதாக வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றுமில்லை என்று எழுந்து போனேன்.

நாம் இரண்டு பேரும் இந்த விடுதியில் வார்டன்களாக ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். பிள்ளைகள் எழுதித் தரும் கருத்துக்கேட்புத் தாள்களை நான் வாசிப்பேன். நீ தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு போய் உட்காருவாய்.

கோட்டுகாலிலிருந்து வந்த முதலாம் ஆண்டுப் பிள்ளையை நினைத்துக்கொள்கிறேன். தாளில் எல்லாவற்றுக்கும் 'நன்று' என்று எழுதியிருந்தாள். ஆனால் சரியாகச் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. ஒருநாள் பையைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகிறேன் என்று வந்து நின்றாள். வீட்டு ஏக்கம் என்றேன் நான். நீ அவளை மெஸ்ஸுக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"எல்லாம் நல்லதா உண்டா மக்கா?"

"உண்டு மேடம்."

நீ எழுந்திருக்கவில்லை. வேறொன்றும் கேட்கவுமில்லை. சோறு ஆறிய பிறகு அவளே சொன்னாள்: "குளிமுறிக் கதவுக்குக் கொண்டி இல்ல மேடம். வெளிய ஒரு ஆளு நிக்கணும். எல்லாருக்கும் நிக்கதுக்குக் கூட்டுக்காரி உண்டு. எனக்கு ஆரு உண்டு?"

அன்று நீயே போய் அந்தக் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றாய். அங்கிருந்தபடியே அதியன்னூர்த் தச்சரைப் போனில் கூப்பிட்டாய். மேனேஜர் ஓடி வந்தார்.

"பெர்மிஷன் வரட்டே, மேடம்."

"அது வாறப்ப வரட்டும் சாரே. எல்லாக் கதவுக்கும் கொண்டி போடாம நான் இங்கேருந்து மாறமாட்டேன். அதாக்கும் காரியம்."

மாலைக்குள் எல்லாக் கதவுகளுக்கும் தாழ்ப்பாள் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை பையை அவிழ்த்தாள். படித்து முடித்துத்தான் போனாள்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று லீவு போட்டுப் போனாய். உன் ஊர் ஆரியங்கோட்டில் உன்னை அடக்கம் செய்த அன்றும் மழை. பிள்ளைகள் குடை பிடிக்காமல் நின்றார்கள்.

இப்போது நானும் தட்டோடு போய் உட்காருகிறேன். 'உண்டு மேடம்' என்று சொன்ன பிறகும் எழுந்திருக்காமல் இருக்கப் பழகிவிட்டேன். சில நேரம் ஏதாவது சொல்கிறார்கள். மின்விசிறி, ஈரத் துணி, கூட இருப்பவள் பேசாமல் இருப்பது. செய்ய முடிந்ததைச் செய்கிறேன்.

இன்று ஒரு பிள்ளை என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "மேடத்துக்குச் சுகம்தானா?"

"சுகம்தான் மக்கா," என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, தட்டைக் கழுவ எழுந்து போனாள். நீயாக இருந்திருந்தால் எழுந்திருக்க மாட்டாய்.