நானூற்றுப் பத்தாம் அறையின் விரிப்பு

5.2.2005, சனி. ஊர்.

காலையில் நல்ல பனி. எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் எட்டு மணிக்கும் விளக்கோடு போயினவாம். நான் வேலைக்காகத் தங்கியிருக்கிற அரியலூர் அறையைப் பூட்டிவிட்டு மதியம்தான் வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸில் கடைசி வரை நின்றபடி.

சென்னையில் பயிற்சி. திங்கள் முதல் புதன் வரை. சிமெண்ட் மாதிரி எடுப்பது, சோதிப்பது. எங்கள் சிமெண்ட் ஆலை ஆய்வகத்திலிருந்து ஐந்து பேர். ஆண்கள் நால்வரும் கம்பெனி விடுதியில். அங்கே பெண்களுக்கு இடம் கிடையாது. அதனால் எனக்கு மட்டும் பயிற்சி நடக்கிற ஓட்டலிலேயே அறை. ஐந்து நட்சத்திரம். சீனியர் கெமிஸ்ட் சார் (இனி சீ.கெ.) கடிதத்தைக் கொடுக்கும்போது, "எங்களுக்குக் கொசு, உனக்கு ஏ.சி. நல்லா அனுபவிம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கடிதத்தை வாங்கி முத்திரையை மட்டும் பார்த்தார். படிக்கத் தெரியாது. "தனியா அனுப்ப முடியாது. உங்கம்மாவக் கூட்டிட்டுப் போ."

அம்மா கரும்பு வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கைகால் முழுக்கக் கரும்புச் சோகை இலை கீறிய கோடு. "நான் வந்து அங்க என்னா பண்றது?"

"ரூம்ல இரு. புள்ளையப் பாத்துக்க."

எடுத்துக்கொள்ள: சுடிதார் மூன்று, சான்றிதழ் நகல், கால்குலேட்டர், தலைவலித் தைலம், புளிசாதம். அம்மாவுக்கு நீலச் சேலை. செருப்பு தைக்க வேண்டும்.

6.2.05, ஞாயிறு. சென்னை.

மாலை வந்து சேர்ந்தோம். வாசலில் தலைப்பாகை கட்டிய ஒருவர் அம்மாவுக்குச் சல்யூட் அடித்தார். அம்மா இரண்டு கையும் கூப்பிப் பதில் கும்பிடு போட்டாள். பிறகு என் காதில், "அவரு எதுக்கு நமக்குக் கும்புடு போடறாரு? பெரிய மனுசரா இருக்காரு."

வரவேற்பில் ஆங்கிலத்தில் கேட்டார்கள். கல்லூரியில் மூன்று வருடம் ஆங்கிலத்தில்தான் எழுதினேன். வாயில் வரவில்லை. கடிதத்தை நீட்டினேன். அம்மாவும் தங்கலாமா என்று கேட்கத்தான் பயம். தங்கலாமாம். இரண்டு கட்டில் அறை. எண் 410.

அறை: பளிங்குத் தரை. தொட்டியோடு குளியலறை. எங்கள் வீட்டுச் சமையலறையை விடக் குளியலறை பெரிது. படுக்கை மேல் நான்கு தலையணை. எதற்கு நான்கு? குழாயைத் திறந்த உடனே சுடுதண்ணீர். அம்மா கீறல் கைகளை அதில் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

குளிர் தாங்கவில்லை. ஏ.சி.யைக் குறைக்கத் தெரியவில்லை. கேட்கக் கூச்சம்.

7.2.05, திங்கள்.

வெயில். கண்ணாடி வழியாகத்தான் தெரிகிறது, உறைக்கவில்லை.

காலைச் சாப்பாடு நாமே எடுத்துக்கொள்வது. முப்பது வகையாவது இருக்கும். உண்மையைச் சொன்னால் இட்லி பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இன்னும் நன்றாக இருக்கும். சாம்பார் இனிக்கிறது. பப்பாளி நன்று. அம்மா தட்டில் இரண்டே இட்லி. சாப்பிட்டதும் தட்டைக் கழுவ எங்கே போவது என்று தேடினாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

பயிற்சி பரவாயில்லை. முழுநாளும் வாயே திறக்கவில்லை. ஒரு கேள்விக்கு விடை தெரியும். சொல்லவில்லை. வேறு ஒருவர் தப்பாகச் சொன்னார்.

பதினொரு மணி இடைவேளையில் அறைக்குப் போனால் அம்மா ஜன்னல் ஓரமாக வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் சாம்பல் நிறச் சீருடையில் ஒரு பெண். என் வயசு இருக்கும்.

"நீ போனதும் கரண்டு போயிருச்சு பாப்பா. இங்கயும் போவுது பாரு. ஃபேனு இல்ல, லைட்டு இல்ல. கம்முனு உக்காந்திருந்தேன். இந்தப் புள்ளதான் வந்து சரி பண்ணுச்சு."

தப்பு என்னுடையது. கதவைத் திறக்கிற அட்டையைச் சுவரில் இருக்கிற பிளவில் செருகினால்தான் மின்சாரம். நான் காலையில் அட்டையை உருவிக்கொண்டு போய்விட்டேன். ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரை அம்மா புழுக்கத்தில். அந்தப் பெண் வேறு அட்டையைச் செருகிவிட்டு, ஏ.சி.யைக் குறைக்கவும் காட்டியிருக்கிறாள்.

பெயர் தேன்மொழி (தே.). அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. அம்மா அதற்குள் எல்லாம் விசாரித்துவிட்டாள். "மீன்சுருட்டியாம். நம்ம பக்கத்துப் புள்ள."

"வூடு ரோட்டு மேலயேதாங்க மேடம்" என்றாள் என்னிடம். மேடம் என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை. ஆய்வகத்தில் 'ஏம்மா'தான்.

8.2.05, செவ்வாய்.

காலை ஐந்தரைக்கு விழித்தேன். வயிற்று வலி. இன்னும் ஐந்து நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். மாதவிலக்கு. வெள்ளை விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. கட்டிலை விட்டு எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா பார்த்தாள். விரிப்பை உருவி, தொட்டியில் போட்டு, பச்சைத் தண்ணீரில் அந்தச் சின்ன சோப்பால் தேய்த்தாள். முழங்கால் போட்டுக்கொண்டு, ஏரிக்கரைக் கல்லில் துவைக்கிற மாதிரி. கறை வெளிறியது, போகவில்லை. குளியலறைக் கம்பியில் காயப் போட்டாள்.

"விடும்மா. அவங்களே துவைப்பாங்க. மிஷின் இருக்கு."

"அடுத்த வூட்டுப் புள்ள கையில இதக் குடுக்கறதா? நல்லாருக்கு நீ படிச்ச படிப்பு."

ஊரில் என்றால் மூன்று நாள் தனிப் பாய், தனித் தட்டு. நான் தரையில் துண்டை விரித்தேன். அம்மா அதைப் பிடுங்கி மடித்து வைத்தாள். "குளுருல தரையிலயா? இது யாரு வூடும் இல்ல. மேல ஏறிப் படு. ஏழு மணிக்கு எழுப்புறேன்." தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். தூங்கிப்போனேன்.

மாலையில் அம்மா சொன்னது: பதினொரு மணிக்குத் தே. வந்திருக்கிறாள். கம்பியில் தொங்குவதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. புது விரிப்பு தருகிறேன், பழையதை வண்டியில் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். அம்மா விடவில்லை. அறையை ஏற்கெனவே பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறாள், கைத்துண்டால். "எல்லாம் ஆச்சு. எத்தன ரூம்பு தொடப்ப, நீ செத்த உக்காரு" என்று அறையிலிருந்த மின்கெண்டியில் தண்ணீர் வைத்துக் காபி கலந்து கொடுத்திருக்கிறாள். அரை மணி நேரம் பேச்சு.

தே.க்கு இந்த மாதக் கடைசியில் வேலை நிரந்தரம் ஆகவேண்டும். அதுவரை ஒரு புகார்கூட வரக்கூடாதாம். வேலை போனால் ஊரில் மாமன் மகனுக்குக் கட்டி வைத்துவிடுவார்கள். அவளுக்கு அவனைப் பிடிக்காது. "குடிக்கிறான். வேற ஒண்ணும் குத்தம் சொல்ல முடியாதுங்குறா. அது போதாதா?" என்றாள் அம்மா.

போகும்போது தே. தன் தாளில் 410-க்கு நேரே விரிப்பு மாற்றியது, தரை துடைத்தது என்று எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருக்கிறாள். காலியாக விட்டால் ஏன் என்று கேட்பார்களாம்.

9.2.05, புதன்.

பஸ்ஸில் எழுதுகிறேன். விழுப்புரம் தாண்டியாயிற்று. கையெழுத்து கோணல்.

காலையில் விரிப்பு இன்னும் ஈரம். ஏ.சி. அறையில் எதுவும் காயாது போல. அம்மா அதையே கட்டிலில் விரித்து, மேலே கனத்த போர்வையை இழுத்து மூடினாள். நான் கீழே போய்விட்டேன்.

பத்தரைக்குத் தேநீர் இடைவேளை. பெட்டி கட்டலாம் என்று மேலே போனேன். 410 கதவு திறந்து கிடந்தது. தள்ளுவண்டி வாசலில். உள்ளே டை கட்டிய மேற்பார்வையாளர். புதன்கிழமைகளில் திடீரென்று வந்து அறைகளைப் பார்ப்பாராம். கையில் அந்த விரிப்பு. கறை பழுப்பாக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

"நேத்து மாத்துனேன்னு டிக் போட்டிருக்க. இது என்ன தேன்மொழி? முன்னாடி தங்கிட்டுப் போனவங்க ஷீட்டையே அலசிப் போட்டிருக்கியா?"

அம்மா, "நாந்தான்யா தொவச்சேன்" என்றாள். அவர் மரியாதையாக, "நீங்க உக்காருங்கம்மா. இது எங்க விஷயம்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "ரொம்ப சாரி மேடம். எங்க ஸ்டாஃப் தப்பு. நடவடிக்கை எடுக்கறோம். நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

தே. என்னைப் பார்த்தாள். ஒரு தடவைதான். பிறகு வண்டியில் இருந்த சோப்புகளை அடுக்க ஆரம்பித்தாள். 'அது அவங்களோடது சார்' என்று ஒரு வார்த்தை. சொன்னால் தீர்ந்தது. அவள் சொல்லவில்லை.

நான் தலையை ஆட்டினேன். "பரவாயில்ல சார்."

எழுதவே கை கூசுகிறது. பரவாயில்லை என்றேன். அவர்கள் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மன்னிப்புக் கேட்டு ஒரு தட்டு நிறையப் பழம் வந்தது. திராட்சை, ஆப்பிள், பெயர் தெரியாத பச்சைப் பழம் ஒன்று. அம்மா அதைத் தொடவில்லை.

"தலைய ஆட்டுன. பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"எப்படிம்மா சொல்றது? ஆம்பள."

"அதான் அந்தப் புள்ளயும் சொல்லல. உனக்காவத்தான் சொல்லல."

கீழே போனேன். கடைசி வகுப்பு. தப்பான மாதிரியை எடுத்துவிட்டு எவ்வளவு கவனமாகச் சோதித்தாலும் பயனில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாதி கேட்டது. சீ.கெ. குனிந்து, "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்றார். அவருக்கு என்ன சொல்வது? எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

கருத்துத் தாள் ஒன்று வரவேற்பில் வாங்கினேன். ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தேன். மூன்று வரி. அடித்தேன். கிழித்தேன். எழுதிப் போட்டால் அதை யார், எப்போது படிப்பார்கள்?

லிஃப்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. கஞ்சி வாசனை. சுவர் முழுக்க மடித்த துண்டுகள். மேற்பார்வையாளர் டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு டப்பாவில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "சொல்லுங்க மேடம்."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாங்காய் ஊறுகாயைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அந்தக் கறை என்னோடது சார். முன்னாடி இருந்தவங்களோடது இல்ல. நேத்துக் காலையில மாதவிலக்கு வந்துருச்சு. அம்மா தொவச்சுட்டாங்க. அவங்க புது ஷீட் தரேன்னுதான் சொன்னாங்க. அம்மா விடல. எங்க ஊர்ல அதை இன்னொருத்தர் கையில குடுக்க மாட்டாங்க."

அவர் டப்பாவை மூடினார். சோறு பாதி இருந்தது. வெகுநேரம் மூடியையே சரி செய்துகொண்டிருந்தார்.

"உக்காரும்மா." மேடம் போய்விட்டது. "இருந்தாலும் மாத்தாம மாத்தினேன்னு எழுதினது தப்புதானே?"

"தப்புதான் சார்." அதை இல்லை என்று எப்படிச் சொல்வது? "அதுக்குக் காரணம் நாங்க. அவங்க வேலை போனா எங்களாலதான் போகுது."

"உள்ள உக்காந்து காபி குடிச்சாளாமே? பக்கத்து ரூம்ல வேலை பாத்த பையன் சொன்னான்."

இது எனக்குத் தெரியாதென்று சொல்லியிருக்கலாம். "அம்மா உக்கார வச்சாங்க. எங்க வீட்டுக்கு யார் வந்தாலும் உக்கார வைப்பாங்க."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியாது. "பாக்கறேம்மா. என் ஒருத்தன் கையில இல்ல. நீ சொன்னத எழுதி மேல அனுப்பறேன்."

மேலே போனேன். தே.யைப் பார்க்க முடியவில்லை. வேறு மாடிக்கு அனுப்பிவிட்டார்களாம். அம்மா பழங்களை எல்லாம் ஒரு கவரில் கட்டி வண்டி தள்ளுகிற இன்னொரு அம்மாளிடம் தே.க்கென்று கொடுத்துவிட்டாள். பிறகு நான்கு தலையணையையும் தட்டி அடுக்கினாள். கிளம்பும்போதும் ஒரு முறை பெருக்கினாள். நான் தடுக்கவில்லை.

இப்போது என் தோளில் சாய்ந்து தூங்குகிறாள். வாய் திறந்திருக்கிறது. வலி குறைந்திருக்கிறது.

11.2.05, வெள்ளி. அரியலூர்.

தூசி. சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று கவிழ்ந்து பஸ் அரை மணி தாமதம். சீ.கெ. எல்லோர் முன்னாலும், "எப்படிம்மா நட்சத்திர ஓட்டல்?" என்றார். நன்றாக இருந்தது சார் என்றேன். சுடுதண்ணீர் உடனே வருகிறது என்றேன். சிரித்தார்கள். இந்த முறை நானும் கொஞ்சம்.

பயிற்சி அறிக்கை எழுதவேண்டும். இரண்டு பக்கம். ஒரு வரிகூட ஓடவில்லை. மாதக் கடைசிக்கு இன்னும் பதினேழு நாள்.

1.3.05, செவ்வாய்.

நடுவில் எழுதவில்லை. வேலை, தலைவலி, சோம்பல்.

இன்று ஷிஃப்ட் முடிந்து பஸ் ஸ்டாண்ட் பக்கத்து எஸ்.டி.டி. பூத். இரண்டு முறை வரிசையில் நின்று இரண்டு முறை விலகி வந்தேன். மூன்றாவது முறை ஓட்டல் எண்ணைப் போட்டேன். அறை சுத்தம் செய்கிற தேன்மொழி இருக்கிறாரா என்று தமிழிலேயே கேட்டேன். எந்தத் தேன்மொழி என்றார்கள். மீன்சுருட்டி தேன்மொழி என்றேன். காத்திருங்கள் என்று ஒரு பாட்டுப் போட்டார்கள். நெடுநேரம். பின்னால் நின்றவர் கண்ணாடியைத் தட்டினார்.

"யாரு?"

"நான் 410-ல தங்கியிருந்த..."

"அக்காவா?" மேடம் இல்லை, அக்கா. "அம்மா எப்படி இருக்காங்க? பழம் வந்துச்சுக்கா. ஹாஸ்டல்ல எல்லாரும் தின்னோம்."

வேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"நிரந்தரம் பண்ணல. நீக்கவும் இல்ல. இன்னும் மூணு மாசம் பாப்பாங்களாம். இப்ப கீழ லாண்டரியில போட்டுருக்காங்க. சூடுதான். ஆனா இருக்கேன். மாமன் வூட்டுலேருந்து வந்து கேட்டாங்களாம், எங்கப்பா மூணு மாசம் பொறுங்கன்னுட்டாரு." பின்னால் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம். "ஏங்க்கா, அந்த சார்கிட்டப் போயி எப்படிச் சொன்னீங்க? கேட்டதும் எனக்கே கூச்சமாப் போச்சு. நான் வாயத் திறக்காமதானே இருந்தேன்."

அவள் எனக்காக வாயை மூடியிருந்ததால்தான் போனேன் என்று சொல்லக் கூச்சம். பின்னால் இருந்தவர் மறுபடி கண்ணாடியைத் தட்டினார்.

"அம்மா ரொம்ப அழுதாங்க தேன்மொழி. அதான் போனேன்" என்றேன்.

அம்மா அழவே இல்லை.