குசினிச் சுவரோர அத்தி

அம்மா,

கையில் ஒட்டிய அத்திப்பால் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது நம் மரத்தின் கிளையொன்று முறிந்து தொங்கியது. முறித்தவர் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. நம் லயத்து வீட்டின் குசினிச் சுவரைத் தடியால் தட்டிக்கொண்டே அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"லயத்தோரம் மரம் வைக்கக் கூடாதுன்னு தெரியாதா? வேரு செவுத்த வெடிக்க வச்சிரும். ஞாயித்துக்கெழமைக்குள்ள புடுங்கிருங்க."

"சரிங்கய்யா" என்றார் அப்பா.

அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

இது நம் இரண்டாவது அத்தி. முதலாவது செத்தது என்னால். கொட்டகலை பசாரில் பழக்கடை வைத்திருக்கும் நானா, மன்னாரில் அவர் சொந்தக்காரர் வீட்டு மரத்துப் பழத்தைக் காட்டினார். அதன் அளவைப் பார்த்து மயங்கி, ஒரு கிளை கேட்டு வாங்கி, தண்ணீர் ஊற்றச் சுலபம் என்று, லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நட்டேன். இரண்டே மாதத்தில் வேர் அழுகிக் கறுத்துப்போனது. நீ அதைப் பிடுங்கிப் பார்த்துச் சிரித்தாய். "வெயில்ல கெடந்தத கொண்டாந்து பனியில நிறுத்துனா அது என்னா புள்ள செய்யும்? அதுக்குக் கம்பளியா போத்துவ?"

அதற்குப் பிறகுதான் பள்ளி நூலகத்தில் எடுத்த மரம் வளர்ப்புப் புத்தகத்தை ஒழுங்காகப் படித்தேன். குளிர் தாங்கும் வகை வேண்டும். பழத்தின் நுனியில் இருக்கும் கண் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் ஊர் மழை உள்ளே இறங்கி, பழம் புளித்து வெடித்துவிடும். சில வகைகள் காய்க்க ஒரு சின்னக் குளவி உள்ளே நுழைய வேண்டும். சிலவற்றுக்கு அது தேவையில்லை. நான் உரக்க வாசிக்க, நீ காலில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டு கேட்டாய். "குளவி வேணாங்கிற மரமா? அத மொதல்ல எழுதிக்க."

நுவரெலியாவில் ஒரு பங்களாவில் தோட்ட வேலை செய்யும் மாமாவிடம் கேட்டோம். அங்கே அடுப்படிக்குப் பின்னால் பழைய அத்தி ஒன்று வருசா வருசம் சின்னச் சின்னதாகக் காய்க்கிறது என்றார். அந்தக் குளிரில் பிழைத்தது இங்கேயும் பிழைக்கும் என்று பென்சில் பருமனில் இரண்டு கிளை வாங்கி வந்தோம். இடம் பார்த்தது நீ. பின்னேர வெயில் விழும் குசினிச் சுவர், உள்பக்கம் அடுப்புச் சூடு, மேலே பாதி மழையைத் தடுக்கும் தகரம். குழியின் நான்கு பக்கமும் உடைந்த செங்கல் அடுக்கி, அடியில் கல் இறுக்கினோம். வேர் அடங்கியிருந்தால்தான் நன்றாகக் காய்க்கும் என்று புத்தகத்தில் இருந்தது. கணக்கப்பிள்ளை அதையெல்லாம் தோண்டிப் பார்க்கவில்லை.

போன வருசம் ஏழாம் நம்பர் தேயிலை மலையில் குளவிக்கூட்டைக் கண்டுவிட்டு, இதே மனிதரிடம்தான் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் சொன்னாய். "மொதல்ல மலைய முடிங்க, கூட்ட அப்புறம் பாப்போம்" என்றார். நீ "சரிங்கய்யா" என்றாய். அன்று பின்னேரம் அதை நீயே எனக்குச் சொன்னாய். மறுநாள் கொழுந்துக் கூடையோடு அதே மலைக்குப் போய்க் குளவிகளிடம் மாட்டிக்கொண்டாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. உன் அடக்கம் முடிந்த மறுநாள் அந்தக் கூட்டை எரித்தார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

உன்மேலும் கோபம்தான். என்னைக் கேலி செய்ய அவ்வளவு வாய் இருந்த உனக்கு, அங்கே "போகமாட்டேன்" என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை? பயந்திருப்பாய். தெரியும். தெரிந்தும் கோபம் குறையவில்லை.

இன்று நான் குறுக்கே போனேன். "தோண்டிப் பாருங்கய்யா, நாலு பக்கமும் செங்கல் வச்சிருக்கோம். வேரு செவுத்துக்கு வராது."

"வாய் நீளுதே! போயி படிக்கிற வேலையப் பாரு."

"படிச்சுட்டுத்தாங்கய்யா வச்சோம்."

பீலியில் நின்ற பக்கத்து வீட்டு அத்தை களுக்கென்று சிரித்துவிட்டார். கணக்கப்பிள்ளை என்னைப் பார்க்காமல், "ஞாயித்துக்கெழம வந்து பாப்பேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதல் பந்தியில் மரத்தை எப்படி நட்டோம் என்பது. இரண்டாவது பந்தியில் குளவிக்கூட்டைப் பற்றி நீ சொன்னது, உனக்குக் கிடைத்த பதில். அப்பா அதை இரண்டு தடவை வாசித்தார்.

"ரெண்டாவத எடுத்துரு பாப்பா. மரத்த மட்டும் கேளு. நாளைக்கும் நாந்தான அவருக்கு முன்னால நிக்கணும்?"

எடுத்தால் மரம் தப்பக்கூடும் என்று எனக்கும் தோன்றுகிறது. முதன்முதலாக ஒன்பது காய் பிடித்திருக்கிறது. இன்னும் மூன்று கிழமை போனால் பழுக்கும். அந்தப் பழத்தைத் தின்ன எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும்.

ஆனாலும் எடுக்கவில்லை. நாளைக் காலை பள்ளிக்கூடம் போகுமுன், துரை வந்து நிற்கும் பெரட்டுக்களத்துக்கு நானே கொண்டுபோகிறேன். அப்பா பக்கத்தில் வந்து நிற்பாரா என்று தெரியாது. இரண்டாவது பந்தியில் உன் பெயரை முழுதாக எழுதியிருக்கிறேன். அதைத் துரைக்கு முன்னால் சத்தமாக வாசிப்பேன்.