வக்கீலம்மாவின் சாட்சியம்

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையிலிருந்து ஓயாத அழைப்பு. மூன்று கட்டடங்களில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. "பயப்படாதீங்க, ஆள் கிளம்பியாச்சு" என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வயதாகிவிட்டது. ஆள் எங்கே கிளம்பினான்? டீக்கடையில் நின்றுகொண்டிருப்பான். ஊரிலுள்ள லிஃப்ட்டுக்கெல்லாம் ஆள் அனுப்புகிறவள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதைச் சொல்லி என் வீட்டுக்காரர் வாரம் ஒருமுறையாவது சிரிக்காமல் இருப்பதில்லை.

அழைப்புகளுக்கு நடுவே புத்தகத்தை முடித்துவிட்டேன். கொலை, கைது, கோர்ட்டு, கடைசி நாளில் ஒரு சாட்சி. சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் புரட்டி, "விடுதலை" என்று தீர்ப்புச் சொன்னாள். அதனால்தான் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர் வைத்தேன். நான் அவளுக்கு வக்கீலம்மா.

"கடைசியை முதல்ல படிச்சிட்டா அப்புறம் என்னடி இருக்கு?"

"நல்லபடியா முடியுதுன்னு தெரிஞ்சாத்தான்க்கா நடுவுல வர்றதைத் தாங்க முடியுது."

உள்ளே இருந்து அவள் புருஷன் "யாரு?" என்றான். "அக்காதான்" என்றாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

பிப்ரவரி 19

ஜட்ஜம்மாவின் மணிக்கட்டில் கட்டு. கதவில் இடித்துக்கொண்டாளாம். எந்தக் கதவு என்றேன். "குறுக்கு விசாரணையா?" என்று சிரித்தாள்.

மார்ச் 2, ஞாயிறு

"கொலை, கோர்ட்டு, கொலை, கோர்ட்டு. உனக்குச் சலிக்கவே சலிக்காதா?" என்று இவர் கேட்டார். பேருந்துப் பணிமனையில் டயர் பிரிவில் வேலை பார்க்கிற மனுஷர். செய்தித்தாளைத் தவிர எதையும் படிக்கமாட்டார்.

பாத்திரம் கழுவும்போது யோசித்தேன். ஏன் படிக்கிறேன்? நாள் முழுக்க என் காதில் ஆட்கள் கத்துகிறார்கள். நான் சொல்வதை யாரும் முழுசாகக் கேட்பதில்லை, அவர்கள் சொல்வதை நானும் கேட்பதில்லை. அந்தப் புத்தகங்களில் ஒருவர் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டால் மண்டபமே வாயை மூடிக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறது. பதில் வந்தே தீருகிறது. பொய் சொல்கிறவனுக்கு வியர்க்கிறது. அப்படி ஓர் இடம் இருக்கிறது என்று இருநூறு பக்கம் நம்பிவிட்டுப் படுத்தால் தூக்கம் வருகிறது.

ஜட்ஜம்மாவிடம் சொன்னேன். "எனக்கும் அதான்க்கா" என்றாள்.

மார்ச் 17, திங்கள்

எழுதிவிட வேண்டும். நாளைக்கு மறந்துபோனால்?

வேலைக்குக் கிளம்பும் நேரம். குப்பைப் பையை வெளியே வைக்கக் கதவைத் திறந்தேன். ஜட்ஜம்மா மேல் படியில் நின்றிருந்தாள், எனக்கு முதுகைக் காட்டி. அவள் புருஷன் அவளுக்குப் பின்னால். அவன் கை அவள் முதுகில் இருந்தது, இரண்டு தோள்களுக்கும் நடுவில். அப்புறம் அவள் அங்கே இல்லை.

சத்தம் —

நான் ஓடினேன். அவன் இறங்கவில்லை. மேலேயே நின்றுகொண்டு, "வழுக்கிட்டாக்கா, வழுக்கிட்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் தலை என் மடியில். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண், "பயப்படாதீங்க, வண்டி கிளம்பியாச்சு" என்றாள்.

கடவுளே, அந்தக் குரல் என் குரல் மாதிரியே இருந்தது.

மார்ச் 20

போய்விட்டாள்.

மார்ச் 22, சனி

இவர் என் எதிரில் வந்து உட்கார்ந்து கேட்டார்: "பார்த்தியா, இல்ல பார்த்த மாதிரி இருந்துச்சா?"

"பார்த்தேன்."

"அப்ப போய்ச் சொல்லு. நானும் வர்றேன்."

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். அவன் கை முதுகில் இருந்தது, அவள் விழுந்தாள் என்றேன். 'தள்ளினான்' என்று எழுதிப் படித்துக் காட்டினார். இரண்டும் ஒன்றுதானே என்று கையெழுத்துப் போட்டேன். கீழே கிடந்தபோது புருஷன் பெயரைச் சொன்னாளா என்று கேட்டார். இல்லை என்றேன். "சரி" என்று பேனாவை மூடினார்.

சாயங்காலமே அவனைக் கைது செய்துவிட்டார்கள். இரண்டு நாளாக எதுவும் சாப்பிடாதவள் நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த ஆண்டு, அக்டோபர் 6

சம்மன் வந்துவிட்டது. அவன் ஜாமீனில் வந்து, அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு வேலைக்குப் போய் வருகிறான். எதிர்வீடு பூட்டியே கிடக்கிறது. நான்தான் முக்கியச் சாட்சியாம்.

இந்த நோட்டிலாவது உண்மையை எழுதுகிறேன். துக்கத்துக்கு அடியில் ஒரு பரபரப்பும் இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று பதில் சொல்லிப் பார்த்தேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்றெல்லாம். இத்தனை வருஷம் படித்தது ஜட்ஜம்மாவுக்காக ஒருநாள் பயன்படப் போகிறது என்று தோன்றியது.

அக்டோபர் 13

அரசு வக்கீலைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த ஒரு பெண். கோர்ட்டு வராந்தாவில் நின்றபடியே பேசினார். கையில் ஏழெட்டுக் கட்டுகள், எங்களுடையது எது என்று தேடி எடுக்கவே நேரமானது.

"நாவல் படிப்பீங்களா?"

"படிப்பேன் மேடம்."

"கோர்ட்டு நாவலா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அதையெல்லாம் மறந்துடுங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நல்லா சொல்லணும்னு நினைச்சு எதையும் சேர்க்காதீங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. அது ஒண்ணும் தப்பில்ல."

அக்டோபர் 20, செவ்வாய்

முடிந்தது. என்னை முடித்துவிட்டார்கள்.

புத்தகங்களில் வருகிற எதிர்த்தரப்பு வக்கீல் கர்ஜிப்பான். இந்த மனிதர் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். லிஃப்ட் கம்பெனியில் எத்தனை வருஷம் என்று விசாரித்தார். நல்ல மனிதர்தான் போலிருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

அப்புறம் மேசைக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். என் புத்தகம். உள்ளே என் கையெழுத்து. ஜட்ஜம்மாவிடம் கொடுத்து, திரும்பி வராமல் போன ஒன்று.

"இது உங்களுதுதானே?"

"ஆமா."

"இதுல ஒரு பொண்ணு எப்படிச் சாகறா?"

அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி யோசித்துவிட்டு, பதில் சொல்லலாம் என்றார்.

"படிக்கட்டுல விழுந்து."

"விபத்துன்னு எல்லாரும் நினைக்கறாங்க. இல்லைன்னு சொல்றது யாரு?"

"பக்கத்து வீட்டு அம்மா."

பின்னால் யாரோ லேசாகச் சிரித்தார்கள். முந்நூறு புத்தகம் படித்தவளிடம் படிக்கட்டில் விழுந்து சாகிற கதை ஒன்று இல்லாமலா இருக்கும்? அதைச் சொல்ல வாயெடுத்தேன். "ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்கம்மா" என்றார்.

"உங்களை அவங்க வக்கீலம்மான்னு கூப்பிடுவாங்களாமே?"

அது எங்கள் இரண்டு பேருக்குள் இருந்த பெயர். அவனிடமிருந்துதான் போயிருக்க வேண்டும். நான் அவனைப் பார்த்தேன். அவன் குனிந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா."

"போலீஸ்கிட்ட 'தள்ளினான்'னு சொல்லியிருக்கீங்க. இன்னிக்கு 'கை முதுகுல இருந்துச்சு'ன்னு சொல்றீங்க. எதும்மா சரி?"

"கை இருந்துச்சு. அப்புறம் விழுந்தா."

"விழப்போறவங்களைப் பிடிக்கப் போனாலும் கை முதுகுலதானே இருக்கும்?"

வாயைத் திறந்தேன். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். நான் ஆசைப்பட்ட அதே அமைதி. அந்த அமைதிக்குள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கை தெரிந்தது. அது முன்னால் போனதா, பின்னால் இழுத்ததா —

"தெரியலை" என்றேன்.

"நன்றிம்மா" என்று உட்கார்ந்துவிட்டார்.

வராந்தாவில் அரசு வக்கீல் என் தோளைத் தொட்டு, "நீங்க பொய் சொல்லலை" என்றார். "ஆனா அது போதாது."

அக்டோபர் 24

நினைத்துப் பார்க்கப் பார்க்க அந்தக் கை தேய்ந்துகொண்டே வருகிறது. நான் பார்த்ததையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

நவம்பர் 14, சனி

எத்தனை வாரம் தலைகாட்டாமல் இருப்பது என்று வாடகைப் புத்தகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒன்றை எடுத்து முன்னால் போட்டார்.

"இதைப் படிங்க. குறுக்கு விசாரணை மட்டுமே நாற்பது பக்கம். சாட்சியைப் பிழிஞ்சு எடுத்துடறான். இதுக்கு அடிச்சுக்கறாங்க எல்லாரும்."

"அந்தச் சாட்சிக்கு அப்புறம் என்ன ஆகுது?"

"எந்தச் சாட்சி?"

"பிழிஞ்சு எடுக்கறானே, அவங்க."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், பாவம். "அப்புறம் வர்றதில்லைங்க" என்றார்.

எடுக்காமல் வந்துவிட்டேன். வழியெல்லாம் அதே நினைப்பு. இத்தனை புத்தகத்திலும் நான் வக்கீலின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் படித்திருக்கிறேன். கேள்வி பாயும்போதெல்லாம் எனக்கும் புல்லரித்திருக்கிறது. கூண்டில் நிற்பவர் எந்த வண்டியைப் பிடித்து வீட்டுக்குப் போனார், அன்றைக்கு என்ன சாப்பிட்டார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. சில சாட்சிகள் பொய் சொல்லியிருப்பார்கள். சிலர் என்னைப்போல இருந்திருக்கலாம்.

ஜனவரி 12

விடுதலை. சந்தேகத்தின் பலன் அவனுக்கு.

சாட்சியின் நேர்மையில் நீதிமன்றத்துக்கு ஐயமில்லை என்று நீதிபதி படித்தார். அவர் கண்டதாக நம்புவதை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க இயலாது என்றும் படித்தார். நானே நீதிபதியாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேனோ? இந்தக் கேள்விதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

வெளியே வரும்போது அவன் என்னைக் கடந்து போனான். "வர்றேன்க்கா" என்றான், ஊருக்குப் போகிறவன் சொல்கிற மாதிரி. இவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 8

எதிர்வீட்டைக் காலி செய்துவிட்டான். ஆட்கள் கட்டிலை இறக்கும்போது படி திருப்பத்தில் சுவரில் இடித்துக் காரை பெயர்ந்துவிட்டது. அவன் வரவில்லை, அண்ணன்தான் நின்று பார்த்துக்கொண்டார்.

மார்ச் 7, ஞாயிறு

ஜட்ஜம்மாவின் அம்மா வந்திருந்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வெளியூரிலிருந்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை. இன்று கதவைத் தட்டியபோது திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றும் நினைத்தேன்.

உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார்.

"கோர்ட்ல நீ வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது குறுக்க வந்தாங்க. எனக்கு ஒண்ணும் முழுசா விளங்கலை. எனக்கு ஒரு தடவை சொல்லும்மா. முதல்லேருந்து."

இவர் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

சொன்னேன். குப்பைப் பை, கதவு, மேல் படி. கை. "இந்த இடம் மட்டும் எனக்குத் தெரியலைம்மா. தள்ளின மாதிரிதான் அப்ப இருந்துச்சு. இப்பக் கேட்டா சத்தியம் பண்ண முடியலை." அவர் மேலே சொல்லு என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடியது, அவன் மேலேயே நின்றது, மடியில் தலை, போன்.

"அவ ஏதாவது சொன்னாளா?"

யாரும் இதை என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை, இந்த நோட்டில்கூட எழுதவில்லை. வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இருந்துவிட்டேன்.

"'அக்கா, அடுப்புல பால் வச்சிருக்கேன், அணைச்சிடுங்க'ன்னு சொன்னா. அவ்வளவுதான். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டா."

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அப்புறம் கேட்டார்:

"அணைச்சியா?"

"வண்டி போனதும் உள்ள போய்ப் பார்த்தேன். பொங்கி வழிஞ்சிருந்துச்சு. அணைச்சிட்டு, அடுப்பைத் துடைச்சு வச்சிட்டுத்தான் வந்தேன்."

"நல்லதும்மா" என்றார்.

பஸ் ஏற்றிவிடக் கூடப் போனேன்.